பரமேஸ்வரி அக்கா சாவியைக் கொடுக்கச் சொல்லவில்லை

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. பரமேஸ்வரி அக்காவின் தம்பி பேசினார். "அக்கா மோசம் போயிட்டா. விடிய எழும்பேல்லை" என்றார். சற்றுப் பொறுத்து அவரே தொடர்ந்தார். "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறம். நீங்கள் ரெண்டு பக்கம் எழுதித் தாறியளோ? அக்காவைப் பற்றி நல்லதா எழுத ஆக்கள் கிடைக்கினமில்லை."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். எழுத ஆட்கள் கிடைக்காமல் போனதற்கு யார் காரணம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எழுதித் தருகிறேன் என்றேன்.

அவரை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வட்டி ஏறி, வேலைகளும் போய், ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்த நம்மவர்கள் பலர் வீட்டுக்கடன் கட்ட முடியாமல் திணறினார்கள். அக்கா ஒரு நகரசபைக் கவுன்சிலின் வீட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர். சனிக்கிழமைகளில் வால்தம்ஸ்டோவில் ஒரு மண்டபத்தின் பின்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கடிதங்களை வாசித்து, கடன் கொடுத்த பில்டிங் சொசைட்டியுடன் பேசி, வீடு பறிபோகாமல் இருக்க வழி சொல்வார். ஒரு பென்ஸ் காசுகூட வாங்கமாட்டார். நம் சனத்துக்கு அதுவே சந்தேகமாகிவிட்டது. "காசு கேட்டிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு கேட்டிருப்பினம்" என்று அவரே சொல்வார். அவர் தனி ஆள், வாடகை பிளாட்டில் இருந்தவர். சொந்த வீடில்லாதவ மற்றவைக்கு வீடு காக்கச் சொல்லித் தாறாவாம் என்று கோயிலில் பெண்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்படிச் சிரித்த நான் ஆறு மாதத்தில் அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். என் கணவர் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கடன் பாக்கி கேட்டு வந்த கடிதங்களை அவர் பிரிக்காமலே காரின் ஸ்பேர் டயருக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். நான் கண்டுபிடித்து, ஒரு பையில் அள்ளிக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். அக்கா ஒவ்வொன்றாக உடைத்து வாசித்துவிட்டுக் கேட்டார்: "கடிதத்தை உடைக்காட்டில் கடன் செத்துப்போகுமெண்டு ஆர் தம்பி உமக்குச் சொன்னது?"

வெளியில் தெரிந்தால் வெட்கம் என்று நான் அழத் தொடங்கினேன். "வெக்கப்படுறதெண்டால் வீடு போன பிறகு ஆறுதலா இருந்து வெக்கப்படலாம் பிள்ளை. இப்ப நேரமில்லை" என்றார். நாங்கள் சொல்வது அந்த அறையைத் தாண்டாது என்றும் சொன்னார். நான் அதை நம்பவில்லை. நம்மவர்களில் யார் அப்படி இருக்கிறார்கள்?

மூன்று கிழமையில் கோர்ட் என்று கடைசிக் கடிதம் சொன்னது. அக்கா வழி சொன்னார்: "ரெண்டு பேரும் வாங்கோ. நிலுவை தீர மாதாமாதம் கொஞ்சம் கூடக் கட்டுறம் எண்டு சொன்னால் நீதவான் பெரும்பாலும் வீட்டை உங்களிட்டையே விடுவார். நான் பக்கத்தில நிப்பன். ஆனால் சாவியை மட்டும் சொசைட்டியிட்டைக் கொண்டுபோய்க் குடுத்திடாதேங்கோ. குடுத்தால் வீடும் போகும், கடனும் நிக்கும்."

ஊரில் ஒரு பூவரச வேலிக்காகப் பதினான்கு வருடம் வழக்குப் பேசிய குடும்பம் என் கணவருடையது. காணிக்கு வழக்காடுவது அவர்களுக்குப் பெருமை. கடன்காரனாகக் கோர்ட்டில் நிற்பது மானக்கேடு. அதைவிட, அவர் மனத்தில் ஒரு கணக்கு இருந்தது. அடைவு கடையில் அடகு வைத்த தங்கக் காப்பை மீட்க முடியாவிட்டால் காப்பு போகும், அதோடு கடனும் தீரும். வீடும் அப்படித்தானே என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வழக்குக்கு முதல் நாள், நான் குசினி அடுப்பைத் தேய்த்து, படிகளைக் கழுவி, யன்னல்களைத் துடைத்தேன். பறிகொடுக்கப் போகிற வீட்டை அப்படித் துடைத்தவள் நான். என் கணவர் சாவியை ஒரு உறையில் போட்டு பில்டிங் சொசைட்டியின் கிளையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்து வந்தார். "இனி நாங்கள் ஒருத்தருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை" என்றார்.

மறுநாள் அக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கோர்ட் வாசலில் எங்களுக்காகப் பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை நின்றார். வீட்டை ஏலத்தில் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். மிச்சக் கடன் எங்களோடு வாடகை அறைக்கு வந்தது. அக்காவும் தேடி வந்தார். ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. என் கணவர் தன் கணக்கைச் சொன்னதும் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீட்டை அடைவு வைச்ச காப்பெண்டு நினைச்சியளோ?" என்று கேட்டார். உண்மையைத்தான் கேட்டார். அதனால்தான் எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

அந்த வருடம் ஆர்ச்வே முருகன் கோயில் திருவிழாவில், ஏன் வீட்டை விட்டுப் போனீர்கள் என்று பெண்கள் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். "பரமேஸ்வரி அக்காதான் சாவியைக் குடுக்கச் சொன்னவ" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க, அவர் கண்மூடும்வரை எனக்கு ஏழு வருடம் இருந்தது. ஆடி முடிவதற்குள், அவருக்கு பில்டிங் சொசைட்டி கமிஷன் கொடுக்கிறது என்று கதை வளர்ந்துவிட்டது. பின்னறையில் சனம் குறைந்தது. இல்ஃபோர்டில் என்னோடு வேலை செய்த ஒரு பெண்ணுக்கும் எங்களைப் போலவே கோர்ட்டுக் கடிதம் வந்தது. அக்காவிடம் போகட்டுமா என்று என்னிடம்தான் கேட்டாள். போகாதே என்றேன். வீடு பறிபோய், அவளும் கைக்குழந்தையும் கவுன்சில் பிடித்துக் கொடுத்த ஒற்றை அறையில் அடுத்த குளிர்காலத்தைக் கழித்தார்கள்.

பிறகு ஒருநாள் ஒரு கறிச்சாமான் கடையில் அக்கா எதிரே வந்தார். நான் மிளகாய்த்தூளைப் பார்ப்பதுபோலத் திரும்பி நின்றேன். "வாடகைக்கு அரசாங்க பெனிபிட் எடுக்கிறியளோ? எடுக்காட்டில் வா பிள்ளை, ஃபோம் நிரப்பித் தாறன்" என்றார். போனேன். நிரப்பித் தந்தார். கையில் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். கோயிலில் நான் சொன்ன பொய்யை அப்போதுகூட ஒப்புக்கொள்ளவில்லை.

போன கிழமை அக்காவின் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்து, ஒட்டிய உறை ஒன்றைத் தந்தார். தன்னிடம் உதவிக்கு வந்தவர்களின் கோப்புகளை உடைத்துப் பார்க்காமல் அவரவரிடம் சேர்க்கச் சொல்லி அக்கா எழுதி வைத்திருந்தாராம். தேநீர் குடித்தபடி அவர் சொன்னார்: "அந்தக் கதையை ஆர் கட்டினதெண்டு சொல்லுங்கோ, போய்க் கேக்கிறன் எண்டு அக்காட்டை எத்தினை தரம் கேட்டிருப்பன். 'என்னை நம்பி வந்த ஆக்களைப் பற்றி வெளியில கதைக்கேலாது' எண்டு சொல்லிப்போட்டா." நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் சீனி போடவா என்று கேட்டேன்.

அவர் போன பிறகு உறையை உடைத்தேன். தான் சொல்லும் புத்தியைத் தமிழில் எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குவது அக்காவின் வழக்கம். நாங்கள் கையெழுத்து வைத்ததையே நான் மறந்திருந்தேன். 'சாவியை ஒப்படைக்க வேண்டாம் என்று விளங்கப்படுத்தினேன்' என்று இருந்தது. கீழே என் கணவருடைய கையெழுத்தும் என் கையெழுத்தும். இந்த ஒரு தாளைக் கோயில் வாசலில் நீட்டியிருந்தால் என் கதை அன்றே முடிந்திருக்கும். அவர் தன் பெயரை விட்டுவிட்டு என் பெயரைக் காப்பாற்றினார்.

இனி எதற்கு இதெல்லாம், செத்தவ செத்துப்போனா என்கிறார் என் கணவர். அக்காவிடமிருந்து எனக்கென்று இருப்பது இந்தத் தாள் ஒன்றுதான். அதன் பிரதி இந்த மலரின் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. பெயர்களை மறைக்க வேண்டாம் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டேன்.