சித்தப்பா செத்துக் கிடந்த மாலை

மர்பி டவுனில் எங்கள் அம்மன் திருவிழாக் கூத்து மாலையிலேயே தொடங்கிவிடும். பத்து மணிக்கு மேல் மைக் போட்டால் போலீஸ் வந்துவிடும். அசுர ராஜா வேஷம் எப்போதும் சித்தப்பாவுக்குத்தான். பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் மெஷின் ஓட்டுகிறவர். அந்த இரைச்சலில் பேசிப் பழகி, வீட்டிலும் கத்திக்கொண்டேதான் இருப்பார். வேஷத்துக்கென்று தனிக் குரல் தேவைப்படவில்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. முதல் வரிசையில் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அசுரன் ஊரைக் கொளுத்தினான். எல்லோரும் திட்டினார்கள், நானும் ஆசை தீரத் திட்டினேன். பிறகு கடவுள் கிழவனாக வந்து, அவன் உயிரைக் காக்கும் தாயத்தைக் கேட்டார். வந்திருப்பது யாரென்று தெரியும், ஆனாலும் கேட்டவருக்கு இல்லையென்று சொன்னதில்லை என்று சித்தப்பா அதை அறுத்துக் கொடுத்துவிட்டார். கொடுத்த கையோடு அம்பு பாய்ந்தது. பலகை அதிர விழுந்தார்.

எங்கள் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆரத்தி சுற்றும்வரை செத்த அசுரன் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் வேஷம் கட்டியவர் குடும்பத்துக்கு ஆகாது. அன்றைக்குப் பார்த்து, ஆரத்தித் தட்டு வருவதற்குள் தாமதமாக வந்த சிறப்பு விருந்தினர் மேடையேறிவிட்டார். மாலை, சால்வை, கன்னடத்தில் முடிவில்லாத பேச்சு. சித்தப்பா மூக்கில் ஈ உட்கார்ந்தது. அவர் அசையவில்லை. திரும்பினால், சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்வரிசைப் பெண்களும் அப்படியே. சித்தப்பா நிஜமாகவே போய்விட்டார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

மேடைக்கு ஓடி, அழுதுகொண்டே அவரை உலுக்கினேன். ஒரு கண் லேசாகத் திறந்தது.

"கத்தாதடி. நான் செத்துக் கெடக்கறேன்ல? அந்தாளு எப்போ முடிப்பாருன்னு பாரு. முதுகு போச்சு."

எனக்குத்தான் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையுமாக இறங்கி ஓடினேன்.

"அழாத சித்தி, சித்தப்பா உயிரோடதான் இருக்காரு!"

"தெரியும்டி," என்றாள் சித்தி, மறுபடியும் கண்ணைத் துடைத்தபடி.

பாவம், அவளுக்கு நம்பிக்கை வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஊரைக் கொளுத்தியவனுக்காக அழுதுகொண்டிருந்த அத்தனை பெண்களிடமும் வரிசையாகப் போய், எங்கள் சித்தப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஆறுதல் சொன்னேன். எல்லோரும் என் கன்னத்தைத் தடவினார்கள். ஒருத்தியும் அழுகையை நிறுத்தவில்லை.