செங்கல் சூளையில் மூன்று நாள்

தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தான். நான் அவன் பல்லை உடைத்தேன். எனக்கு ஆறு மாதம் ஜெயில். அவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறீர்களா? புதுப் பல்.

மலாய் நாட்டில் கிள்ளான் பக்கத்துத் தோட்டம் அது. நான் உள்ளே போனதும் தோட்டத்து ஆள் கணக்கிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள். அவள் பெயரை அடிக்கவில்லை. நாங்கள் இருந்த அதே கூலி லயத்தில் இருந்துகொண்டு, அதே கிராணி பேர் கூப்பிடும் பெரட்டில் தினமும் காலையில் போய் நின்றாள். நான் வெளியே வந்தபோது ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "வேல கெடச்சதும் வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. இங்க ரொம்ப நாள் தாங்காது."

வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "முன்னால எங்க இருந்த?" என்பதுதான். உண்மையைச் சொன்ன இரண்டு இடத்திலும் விரட்டினார்கள். மூன்றாவது இடம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு செங்கல் சூளை. அங்கே, ஊரிலிருந்து கப்பலில் வந்து பத்து நாள்தான் ஆகிறது என்று புளுகினேன். ஆள்களை மேய்த்த மண்டோர் நம் ஆள்தான். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மண் குழைக்க விட்டான். பெண்டாட்டி வந்தால் தங்க ஒரு கொட்டகை தருவதாகவும் சொன்னான். அவனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மூன்றாம் நாள் காலை, முதலாளியான சீனத் தவுக்கே ஆள் எண்ண வந்தார். வரிசையாக நின்றோம். விரலை நீட்டி மலாயில் "சத்து, டுவா, தீகா" என்று ஆரம்பித்தார். ஜெயிலில் வார்டரும் காலையும் மாலையும் இப்படித்தான் எண்ணுவான். எண்ண ஆரம்பித்ததும் குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் பிடரியில் கோத்துக்கொள்ள வேண்டும், தாமதித்தால் பிரம்படி. "டுவா" காதில் விழும்போதே நான் தரையில் குந்தியிருந்தேன், கை இரண்டும் பிடரியில்.

எல்லோரும் சிரித்தார்கள். தவுக்கேயும் சிரித்தார். வயிற்றுவலி என்று சமாளித்திருப்பேன். அதற்குள் மண்டோர் ஓடி வந்து கத்தினான். "இவன் ஜெயிலுக்குப் போனவன் தவுக்கே! அங்க எண்ணும்போது இப்படித்தான் உக்காருவானுங்க!"

துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும்போது மண்டோர் வாசலில் நின்றான். மரியாதையாகவே கேட்டேன்.

"அண்ணே, நீங்க எத்தன மாசம் அப்படி உக்காந்தீங்க?"

அவன் முகம் செத்துவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "எனக்கும் புள்ளகுட்டி இருக்குடா. நான் சொல்லாம இருந்து அப்புறம் தெரிஞ்சா, என் பழசையும் தோண்டுவானுங்க."

அவன் பயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அவனை மன்னிக்கவில்லை, இன்றுவரைக்கும்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை கிடைக்க மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. அதன் பிறகுதான் போய் அவளை அழைத்து வந்தேன். அந்த இரண்டு மாதத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்க எனக்கும் தைரியம் வந்ததில்லை.