டிவியில் எழுத்து மாறிய மத்தியானம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிற ஆள் நான். மேலகரத்தில் தனியாகத்தான் இருக்கிறேன், ஒரு நாளும் பயந்ததில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, பேய்க்காக இல்லை, நான் நடந்துகொண்ட விதத்துக்காக. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் சாரல் சீசனில் என் சம்பந்தியம்மா திருச்சியிலிருந்து குற்றாலத்தில் குளிக்க வந்து என் வீட்டில் தங்கினார்கள். ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயர் ஆனவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. அது அவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று வந்த நேரத்திலிருந்து எனக்குக் கவலை. மகள் வாழ்க்கைப்பட்ட வீடு அல்லவா, நாளைக்கு ஒரு பேச்சில் அவளைக் குத்திக்காட்ட அது ஒன்று போதும். வந்த மறுநாள் காலையில் மாத்திரை அட்டையை நீட்டி, "என்ன பேர் போட்டிருக்குன்னு பாருங்க மதினி" என்றார்கள். கண்ணாடியைக் காணோம் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். கண்ணாடி என் நெற்றியில்தான் ஏறியிருந்தது, பார்த்தார்களோ என்னவோ.

அவர்கள் பார்க்கிற சீரியல் விட்டுப்போகக் கூடாது என்று பெங்களூரிலிருந்து என் மகள் செல்வி ஒரு டிவி ஸ்டிக் அனுப்பியிருந்தாள். டிவிக்குப் பின்னால் சொருகினால் திரையில் ஆறு எழுத்து வரும். அதை நான் சொன்னால் அவள் தன் போனில் அடிப்பாள், உடனே அவள் பார்க்கிறதெல்லாம் இங்கேயும் ஓடும். சம்பந்தியம்மா ஐந்தருவிக்கு ஆட்டோ ஏறியதும் கதவைச் சாத்திக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். எழுத்தின் பேர் தெரியாது, உருவத்தைத்தான் சொல்ல முடிந்தது.

"ஏட்டி, முதல்ல ஒரு படி வச்ச ஏணி நிக்கி. பொறவு, பயலுவ கல்லடிக்கித கவட்டை மாதிரி ஒண்ணு."

"கவட்டைக்குக் கீழ காம்பு இருக்காம்மா?"

"இருக்கு. இரி, கண்ணாடியப் போட்டுக்கிடுதேன். ஆமா, இருக்கு. அடுத்தது உளுந்த வட மாதிரி ஒரு வட்டம்."

"ஓவா, சைபரா?"

"அத நான் எங்கனட்டி கண்டேன்?"

"எம்மா, எனக்கு மீட்டிங் இருக்கு. அத்த வரட்டும், அவங்க படிச்சுச் சொல்லுவாங்க."

"அவுககிட்ட மட்டும் சொல்லிராத, ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

அதற்குள் அந்த எழுத்தெல்லாம் போய் வேறு ஆறு வந்துவிட்டது. கொஞ்ச நேரம்தான் நிற்குமாம். சாரலுக்கு டவரும் போய் லைன் அறுந்துவிட்டது.

டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன். இந்த வயதில் ஏணிக்கும் கவட்டைக்கும் அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்து அழுதேன். மறுபடி லைன் கிடைத்தால் தடுமாறக் கூடாதே என்று புதிதாக வந்ததை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பாம்பு, கூடாரம், சீப்பு, ஏணி, இரண்டு மலை, கவட்டை. ஆறாவதைச் சொல்லி வாய் மூடவில்லை, திரை ஒரு தடவை கறுத்துப் பச்சையாக டிக் அடித்தது, வரிசை வரிசையாகப் படங்கள் வந்து நிரம்பின. போன் என் மடியில் அணைந்து கிடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதில் யாரும் இல்லை.

ஈரத் தலையோடு சம்பந்தியம்மா உள்ளே வந்தார்கள். "டிவி யாரு மதினி போட்டுக் குடுத்தா?"

"நாந்தான்" என்றேன். அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"பரவாயில்லையே, எனக்கே இதெல்லாம் வராது. என் பையன்தான் வந்து போடணும்." என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கை கூசியது, இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

மறுநாள் செல்வி கூப்பிட்டாள். "எம்மா, நான் ஒண்ணும் அடிக்கவே இல்லியே. என் போன்ல ஒங்க டிவியவும் காட்டல. யாரு அக்கவுண்டும்மா அது?" சம்பந்தியம்மா பக்கத்தில் இருந்தார்கள். "நானே போட்டுட்டேன்ட்டி" என்று வைத்துவிட்டேன்.

அவர்கள் ஊருக்குப் போன பிறகுதான் கவனித்தேன். நான் பாதியில் நிறுத்துகிற படம் மறுநாள் போட்டால் தள்ளிப் போய் நிற்கிறது. யாரோ மீதியைப் பார்க்கிறார்கள். யாராக இருந்தாலும், அன்றைக்கு நான் அழுததையும் உளறியதையும் கேட்டவர்கள்தானே என்று நினைத்தால் உடம்பு குன்றிப்போகிறது. யாரிடமாவது காட்டலாம். காட்டினால் நான் போடவில்லை என்று சொல்ல வேண்டும். சம்பந்தியம்மாவோ அவர்கள் சொந்தபந்தம் முழுக்க என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

பொறுக்காமல் ஸ்டிக்கைப் பிடுங்கி அலமாரியில் போட்டேன். இந்த வருஷமும் குளிக்க வருகிறேன் என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார்கள். சீரியல் ஓடாவிட்டால், போட்டுக் காட்டுங்கள் மதினி என்பார்களே என்று போன வாரம் மறுபடி எடுத்துச் சொருகினேன். புதிதாக ஆறு எழுத்து வந்தது. செல்விக்கு நான் போன் போடவில்லை. வாய்விட்டுச் சொன்னால்தானே யாருக்கும் கேட்கும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு சத்தம் வெளியே விடாமல், திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த எழுத்து மாறுவதற்கு முன்னாலேயே பச்சை டிக் வந்துவிட்டது.