வெயில் காட்டுவதாகச் சொன்ன ஆனந்தராசா

ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழர்களில் ஆனந்தராசாவைத் தெரியாதவர்கள் இல்லை. பகல் வெளிச்சத்தில் அவரைக் கண்டவர்கள்தான் குறைவு. கம்பி இழுக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக அவருக்கு இரவு வேலை. கோயில் திருவிழாவுக்கு வந்தாரென்றால் சாமி வீதி சுற்றி வருவதற்குள் ஒரு ஓரமாகச் சாய்ந்து குட்டித் தூக்கம் போட்டுவிடுவார். கலியாண வீட்டில் பந்தி போடும் நேரத்துக்கு மட்டும் தானாகக் கண் விழிக்கும் என்று கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவருடைய மனைவி கமலநாயகிக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் காலை வேலை. அவர் வீட்டுக்குள் நுழையும்போது அவள் சப்பாத்து மாட்டிக்கொண்டு நிற்பாள். அவள் திரும்பி வரும்போது அவர் போர்வைக்குள் கிடப்பார். வாசலில் ஒருவரை ஒருவர் விலத்திப் போவதுதான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கையாக இருந்தது. இதற்கு நடுவில் எப்படியோ துஷானி என்று ஒரு மகள் வளர்ந்து, படித்து, கலியாணம் கட்டி ரொறன்ரோவுக்கும் போய்விட்டாள்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கமலநாயகி தேத்தண்ணீரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

“துஷானி வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தைப்பொங்கல் முடியப் போறன்,” என்றாள்.

“எத்தினை நாளைக்கு?”

“நாள் கணக்கில்லை. அங்கையே இருக்கப் போறன்.”

குரலில் கோபம் இருந்திருந்தால் ஆனந்தராசா பயந்திருக்க மாட்டார். உப்பு முடிந்துபோச்சு என்று சொல்வதுபோல அவள் அதைச் சொன்னாள்.

“ஏன் கமலா, நான் இன்னும் ஒரு மாசத்திலை வேலையாலை நிக்கப் போறன். கையெழுத்தும் வைச்சாச்சு.”

“நிண்டு? பகலிலை படுக்கப் போறியள். இங்கை நான் ஆரோடை இருக்கிறன், சொல்லுங்கோ பாப்பம். நீங்கள் வரேக்கை நான் போறன். நான் வரேக்கை நீங்கள் நித்திரை. கனடாவிலை இருந்தால் பிள்ளையின்ரை முகத்தையெண்டாலும் பாக்கலாம்.”

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பது அவருடைய நெஞ்சைக் குடைந்தது. மறுநாள் தொழிற்சாலையில் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கூட வேலை செய்யும் அல்பேர்ட் விசாரித்தான். அல்பேர்ட் போடன்சே ஏரிக்கரையில், முகாம் திடல் ஒன்றில் வருடம் முழுக்க ஒரு வோன்வாகன் நிறுத்தி வைத்திருப்பவன். கட்டில், அடுப்பு, ஹீற்றர் எல்லாம் உள்ளேயே இருக்கிற சக்கர வீடு. கோடை விடுமுறைக்கு அவன் அங்கேதான் போவான்; மாரியில் அது சும்மாதான் கிடக்கும், வேண்டுமென்றால் போய் இரு என்றான். ஒருமுறை ஆடி மாதத்தில் ஆனந்தராசாவும் ஒரு நாள் போய்ப் பார்த்திருக்கிறார். நீல ஏரி, அக்கரையில் வெள்ளை மலைகள், கரையில் வாளிகளில் நட்ட பனைபோன்ற மரங்கள். அந்த ஒரு நாள் அவருடைய மனத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. நாட்டின் தெற்கு முனை வேறு. தெற்கே போகப்போகச் சூடு கூடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பாடத்தை ஜெர்மனியிலும் நம்பிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

“மாரிக்கு ரெண்டு மாசம் அங்கை போயிருப்பம்,” என்று கமலநாயகியிடம் கெஞ்சினார். “நல்ல வெயில். மலையெல்லாம் தெரியும். உமக்கு நான் வெயில் காட்டுறன். அதுக்குப் பிறகும் போகவேணும் எண்டால் நானே எயார்போட்டிலை கொண்டுபோய் விடுறன்.”

மறுநாள் அவள் வேலையிடத்தில் லீவு கேட்டாள்.

கார்த்திகைக் கடைசியில் போய்ச் சேர்ந்தார்கள். காரை விட்டு இறங்கியதும் கமலநாயகி கேட்டாள்: “ஏரி எங்கை?”

ஆனந்தராசா ஒரு பக்கம் கையைக் காட்டினார். அது குப்பைத் தொட்டிகள் இருக்கும் பக்கம் என்று மறுநாள்தான் தெரிந்தது. அப்படியொரு மூடுபனி. பக்கத்து வோன்வாகன் ஒரு நிழலாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் உலகமே இல்லை. நாளைக்குத் தெளிந்துவிடும் என்றார். நாளையும் அப்படியே விடிந்தது. அதற்கு அடுத்த நாளும். மார்கழி பிறந்து, நத்தார் வந்து போனது. வானத்துக்கு யாரோ சட்டி மூடி போட்டுவிட்டு எடுக்க மறந்துபோனார்கள்.

ஆனாலும் அந்த மூடுபனியைச் சும்மா சொல்லக்கூடாது. ஆனந்தராசா வாயைப் பிளந்துகொண்டு நின்ற காலைகள் எத்தனையோ. எங்கிருந்தோ கப்பல் ஊதும், கப்பல் தெரியாது. தாராக்கள் கத்தும், தண்ணீர் தெரியாது. ஒரு நாள் விடிய எழும்பிப் பார்த்தால் ஒவ்வொரு மரத்திலும், ஒவ்வொரு கிளையிலும், ஊசி ஊசியாக வெள்ளை முளைத்திருந்தது. உடுப்புக் காயப்போடும் கயிறு மணிக்கட்டு மொத்தத்துக்கு வெள்ளையாகத் தொங்கியது. கமலநாயகி விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். சத்தமே இல்லாமல் அத்தனையும் பொழிந்து விழுந்தது. அவள் சின்னப்பிள்ளைபோல அடுத்த கயிற்றுக்கு ஓடினாள். அவள் ஓடி அவர் பார்த்தது அன்றுதான்.

உண்மையைச் சொன்னால் அவர் மூடுபனியைவிட அதிகம் வியந்தது கமலநாயகியைப் பார்த்துத்தான். இரவில் விழித்திருந்தே பழகிய உடம்பு அவருக்கு. அவள் கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு தூங்குவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். மூச்சு நடுவில் ஒரு கணம் நின்று, பிறகு வரும். இது இத்தனை வருடமும் இப்படித்தான் இருந்ததா, யாரைக் கேட்பது? வெங்காயம் உரிக்கும்போது அவள் பாடுவாள் என்பது அவருக்குப் புதுச் செய்தி. அவள் பேசும் ஜெர்மன் மொழி தன்னுடையதைவிட நூறு மடங்கு நன்றாக இருந்ததைக் கேட்டபோது அவருடைய முகத்தில் ஈயாடவில்லை.

அந்த ஜெர்மன் வெளியே வந்தது ஒரு கூத்தினால். குளிர் உள்ளே வரக்கூடாதென்று ஆனந்தராசா கூரையிலிருந்த காற்றுத் துவாரத்தைப் பிளாஸ்ரிக் தாளும் ரேப்பும் வைத்து இறுக்கி அடைத்திருந்தார். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட நினைப்பு. ஆனால் கமலநாயகி இரண்டு நேரமும் சோறு வடிப்பவள். பாணும் வெண்ணெயும் தின்கிறவர்களுக்குக் கட்டிய வண்டிக்குள் அவ்வளவு ஆவியும் எங்கே போகும்? யன்னலில் உறைந்தது. மெத்தைக்குக் கீழே ஊறியது. ஒரு விடியல் அவருடைய நெற்றியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. எழும்பிப் பார்த்தால் கூரை முழுக்க வியர்வை. பக்கத்து வோன்வாகனில் ஒவ்வொரு மாரியும் வந்து தங்கும் எர்னா என்ற கிழவி ஈரமெத்தையை வெளியே இழுப்பதைக் கண்டு ஓடிவந்தாள். துவாரத்தைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். கமலநாயகி அவளுக்கு ஏதோ பதில் சொன்னாள். கிழவி இன்னும் சிரித்தாள். தன்னைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறாள் என்று மட்டும் ஆனந்தராசாவுக்கு விளங்கியது. அன்றிலிருந்து பின்னேரங்களில் மூவருமாகக் கடதாசி விளையாடினார்கள். கமலநாயகி கள்ள விளையாட்டு விளையாடுவாள் என்பதும் அப்போது தெரியவந்தது.

இவ்வளவு இருந்தும் அவருக்கு நிம்மதி இல்லை. காட்டுகிறேன் என்று சொன்னது வெயிலை. காட்டியது சாம்பல் நிறச் சுவரை. ஒவ்வொரு காலையும் யன்னலைத் துடைத்துவிட்டு, “நாளைக்குத் தெளியும்,” என்று குற்றவாளிபோலச் சொல்வார். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அந்த மௌனம் பெட்டி அடுக்குகிற மௌனமாகவே அவருக்குப் பட்டது. தை கடைசியில் விமானம். துஷானி ரிக்கற் போட்டுவிட்டாள்.

பொங்கலுக்கு முதல்நாள் கமலநாயகி பானையை எடுத்துக் கழுவினாள். அதைப் பார்த்ததும் அவருக்குப் பகீரென்றது. பொங்கல் என்றால் சூரியனைப் பார்த்துப் பொங்கவேண்டும். இந்த மூடிக்குள் எந்தச் சூரியன்? இதுவும் பிழைத்தால், இனி என்ன முகத்தோடு அவளை இரு என்று கேட்பது? தண்ணீர்க் குழாயடியில் எர்னாவைக் கண்டதும் தன்னுடைய உடைந்த ஜெர்மனில் மனத்தைக் கொட்டிவிட்டார். நாங்கள் சூரியனுக்குப் படைக்கிறவர்கள், இங்கே சூரியன் இல்லையே என்றார்.

எர்னா அவரை விநோதமாகப் பார்த்தாள். “சூரியன் இல்லையென்று யார் சொன்னது? ஒவ்வொரு நாளும் மேலே எறிக்கிறது. நீங்கள்தான் கீழே இருக்கிறீர்கள். மலையில் ஏறிப் பாருங்கள்.”

ஆனந்தராசா வாளி நிறைந்து வழிவதையும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு நாளுமா? தலைக்கு மேலே, காரில் போகிற தூரத்திலா? மார்கழி முழுக்க அவர் யன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது மேலே காய்ந்துகொண்டா இருந்தது?

காலையில் அடுப்பையும் காஸையும் காரின் பின்பக்கத்தில் ஏற்றினார். “பானையை எடும், வாரும்,” என்றார்.

“எங்கை?”

“பொங்கத்தான்.”

பானையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஏறினாள். வளைந்து வளைந்து ஏறும் பாதை. முன்விளக்கு வெளிச்சம் வெள்ளைச் சுவரில் முட்டித் திரும்பி வந்தது. கிழவி விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாளோ என்று அவருக்கு வியர்த்தது. இன்னும் ஏறினார். வெள்ளை கொஞ்சம் வெளிறியது. பிறகு மஞ்சளாகியது. பிறகு, யாரோ போர்வையை உருவி எடுத்ததுபோல, ஒரே வெளிச்சம்.

அவர் பிரேக்கை அழுத்தியது தெரியாமலே கார் நின்றது. கண் கூசியது. இறங்கினார்கள்.

ஊர் இல்லை. ஏரி இல்லை. காலடியிலிருந்து வானத்தின் விளிம்பு வரைக்கும் வெள்ளைக் கடல், அலை எழுந்து அப்படியே நின்றுபோன கடல். அதற்கு அக்கரையில் மலைகள், ஒன்றின் தோளுக்கு மேலே இன்னொன்றாக, எண்ணி முடியாத மலைகள். எல்லாவற்றுக்கும் மேலே சூரியன், மறைக்க ஒரு பஞ்சு முகில்கூட இல்லாமல். அந்தக் கடலுக்கு அடியில் எங்கேயோதான் அவர்களுடைய வோன்வாகன் கிடந்தது. ஆனந்தராசாவின் கைகள் தானாகக் குவிந்தன. கோயிலில்கூட அவருக்கு அப்படித் தானாகக் கை கூப்பியதில்லை.

“முருகா,” என்றாள் கமலநாயகி.

கார் நிறுத்தும் இடத்து மர மேசையில் அடுப்பை வைத்தார்கள். சறுக்குப் பலகைகளோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன ஜெர்மன்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பால் கொதித்து நுரைத்து வழிந்தது.

“அரிசியைப் போடுங்கோ,” என்றாள்.

“நானோ?”

“பின்னை? வீட்டுத் தலைவர்தான் முதல் அரிசி போடவேணும். இத்தினை வரியமும் நீங்கள் நித்திரை எண்டு நான் போட்டனான்.”

அவர் கையுறையைக் கழற்றினார். இரண்டு கையாலும் அரிசியை அள்ளி, சூரியனுக்குக் காட்டி, பானையை மூன்று தரம் சுற்றிப் போட்டார்.

நிமிர்ந்தபோது கமலநாயகி சூரியனைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேருங்கோ, இந்தப் பக்கம் திரும்புங்கோ. காதுக்குப் பின்னாலை என்ன இது?”

அவர் தடவிப் பார்த்தார். “அதோ? கம்பி அறுந்து அடிச்சது. எப்பவோ.”

“எப்ப?”

“துஷானி பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கின வரியம்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“வீட்டை வரேக்கை நீர் வேலைக்கு வெளிக்கிட்டிட்டீர். பிறகு மறந்துபோனன்.”

அவள் விரலை அந்தத் தழும்பின் நீளத்துக்கு ஓட்டினாள். அந்த நேரம் பார்த்து, மனத்திலிருந்ததும் வெளியே வந்துவிட்டது.

“வெயில் காட்டுறன் எண்டு கூட்டிவந்து ஒண்டரை மாசமா உம்மை மூடுபனிக்கை வைச்சிருந்திட்டன், கமலா.”

“நான் ஒரு நாளெண்டாலும் குறை சொன்னனானோ? நீங்கள்தான் விடிய விடிய யன்னலைத் துடைச்சுப்போட்டு அழாக்குறையா நிண்டியள். வெயில் அடிச்சிருந்தால் நீங்கள் மீன் பிடிக்கிற ஆக்களோடை போயிருப்பியள். வெளியிலை ஒண்டும் தெரியாதபடியால்தான் எனக்கு முன்னாலை இருந்தியள்.” அகப்பையால் பானையைக் கிண்டினாள். “துஷானிக்குச் சொல்லுங்கோ, நான் இருக்க வரேல்லை எண்டு. ரெண்டு பேருமாப் போய்ப் பாத்திட்டு வருவம். நீங்களே சொல்லுங்கோ.”

அவருக்கு அது காதில் விழுந்து உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும், எங்கே அவள் மனம் மாறிவிடுவாளோ என்று அவசரமாகக் கைபேசியை எடுத்து அடித்தார். ரொறன்ரோவில் இன்னும் விடியவில்லை என்ற நினைப்பே இல்லை.

“அப்பா?” துஷானியின் குரல் பதறியது. அப்பா தானாக எடுத்த அழைப்பு அவளுக்கு இதுவரை வந்ததில்லை. “என்னப்பா இந்த நேரத்திலை? அம்மாவுக்கு என்ன நடந்தது? அம்மா எங்கை?”

கமலநாயகி அடுப்பைத் தணித்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்மாவுக்கு ஒண்டுமில்லை, பிள்ளை,” என்றார். “அம்மா என்னோடைதான் நிக்கிறா. நாங்கள் ரெண்டு பேரும் பொங்கிக்கொண்டு நிக்கிறம்.”

நாங்கள் ரெண்டு பேரும் என்று தான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்பது, சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. இன்னொரு தரம் சொன்னார்.