ஹிரோஷிமாவுக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல்

அண்ணி வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு பித்தளைச் சொம்பு பல வருடங்கள் கவிழ்ந்தே கிடந்தது. அண்ணி வளவனூரிலிருந்து கல்யாணமாகித் திண்டிவனம் வந்தபோது சீரோடு வந்த சொம்பு. என் அண்ணனுக்கு டம்ளரில் குடித்தால் தண்ணீர் குடித்த மாதிரியே இருக்காது. வெயிலில் வந்ததும் அந்தச் சொம்பைத் தூக்கி, அண்ணாந்து, சட்டையெல்லாம் நனையக் கடகடவென்று குடிப்பார். அண்ணி திட்டிக்கொண்டே துண்டை எடுத்து வீசுவார்.

புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் சாயங்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஒரு வாய் தண்ணி குடுடி." அண்ணி ஈரத்துணியால் உதட்டைத் துடைத்ததோடு சரி. மறுநாள் அண்ணன் இல்லை. தண்ணீர் கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டரே சொன்னார். அண்ணி கேட்டால்தானே! வருடாவருடம் அண்ணனுக்குப் போடும் படையலில் கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு, வடை எல்லாம் இருக்கும். இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் மட்டும் இருக்காது. ஒருமுறை நான் டம்ளரில் மொண்டு வைக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். "வேணாம் பாப்பா. கேட்டப்ப குடுக்கல. இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கினு குடுக்கிறது?" எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டைப் பற்றி ஜப்பானியர்கள் எழுதிய கதைகளை ஆங்கில வழியாகத் தமிழுக்குக் கொண்டுவரும் பைத்தியம் எனக்கு உண்டு. "சந்தோஷமா எதையாச்சும் எழுதேம்மா" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அந்தக் கதைகளைப் படிக்காதவர்கள் பேச்சு அது. குண்டைப் பற்றி அவற்றில் அதிகம் இருக்காது. கருகிப்போன சாப்பாட்டு டப்பா, துணியிலிருந்த பூ உடம்பில் பதிந்த தழும்பு, எரிந்த தோட்டத்தில் முளைத்த புல் என்று சின்னச் சின்ன விஷயங்களாகவே இருக்கும். நான் படித்தவற்றில் முக்கால்வாசிக் கதைகளில் யாராவது ஒருவர் தண்ணீர் கேட்பார். தீக்காயக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் உயிர் போய்விடும் என்று ஊரே நம்பியதால் மற்றவர்கள் கொடுக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திண்டிவனம் போய், எழுதியதை அண்ணிக்குப் படித்துக் காட்டுவது என் வழக்கம். அவரைப் போல் கறாரான ஆள் எனக்குக் கிடைக்கவே மாட்டார். நான் பெருமையாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தால், "இப்டி யாருடி பேசுவா?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். ஆனால் தண்ணீர்க் கதைகளை மட்டும் நான் அவரிடம் கொண்டுபோனதில்லை. ஒரு ஞாயிறு, முந்தின நாள் முடித்த அப்படி ஒரு கதையும் மற்ற தாள்களோடு வந்துவிட்டது. அண்ணி மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டினார். "இதப் படி."

வேறு வழியில்லை, படித்தேன். ஒரு பெண், எரிந்து கிடக்கும் தம்பிக்குத் தண்ணீர் தர மறுக்கிறாள். தம்பி சாகிறான். அவள் கிழவியாகும் வரை ஒவ்வொரு வருடமும் ஆற்றங்கரைக்குப் போய், என்னை மன்னிக்காதே என்று சொல்லித் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறாள். கதை அவ்வளவுதான். படித்து முடித்தபோது மல்லாட்டை உடைக்கும் சத்தம் நின்றிருந்தது. அண்ணியின் முகம் சிவந்திருந்தது.

"குடுக்காதன்னு சொன்னாங்க, அவ குடுக்கல. பொழைக்கட்டும்னுதான குடுக்கல? அவ மேல இன்னாடி தப்பு? எதுக்கு இந்தப் பொம்பள சாவுற வரைக்கும் தன்னையே திட்டிக்கினு கீறா? போய் அவகிட்ட யாராச்சும் சொல்லக் கூடாதா?"

சொல்லி முடித்த கையோடு தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அண்ணன் செத்த அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "காப்பி போடறேன், இரு" என்று எழுந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த வருடப் படையலன்று அண்ணியே நாற்காலி போட்டு ஏறிச் சொம்பை எடுத்தார். புளி போட்டுத் தேய்த்து, ததும்பத் ததும்ப நிரப்பி இலைக்குப் பக்கத்தில் வைத்தார். "குடிங்க" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த கோடைக்குள் மற்ற தண்ணீர்க் கதைகளையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டார். கோடை வந்ததும் வாசலில் கீற்றுப் பந்தல் போட்டுப் பானை வைத்தார். அண்ணன் பெயரை எழுதலாம் என்றேன். "அவரு ஒருத்தரா கேட்டாரு? அந்த ஊரே கேட்டிச்சே" என்றவர், 'ஹிரோஷிமா மக்கள் நினைவாக' என்று பலகை எழுதிவிட்டார். தெருவே சிரித்தது. அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் செஞ்சி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடம் பக்கத்தில்தான். முதல் அமாவாசையிலேயே யாரோ பானைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டி, கற்பூரமும் காட்டிவிட்டார்கள். ஒரு பெரியவர் குடித்துவிட்டுப் பலகையைப் பார்த்தார். "இது இன்னா ஊரும்மா? வல்லம் பக்கமா?"

"ரொம்ப தூரங்க. ஆனா நம்ம ஜனங்கதான்" என்றார் அண்ணி.

பெரியவர் பானையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

இந்தச் சித்திரையிலும் பந்தல் இருக்கிறது. போன ஞாயிறு விழுப்புரத்திலிருந்து வேர்த்து வழியப் போய் இறங்கினேன். "மொதல்ல குடி, அப்பறம் பேசு" என்று சொம்பை நீட்டினார். அண்ணன் மாதிரியே அண்ணாந்து குடித்தேன். ரவிக்கை நனைந்தது, திட்டும் கிடைத்தது. சாயங்காலம் பானையைக் கழுவிக் கவிழ்த்த அண்ணி, சொம்பை மட்டும் நிரப்பி வாசலில் மூடி வைத்தார்.

"அதையும் கழுவிக் கவுத்துடறதுதானே அண்ணி?" என்றேன்.

"அது எதுக்கு கவுக்கணும்? யாராச்சும் கேட்டா?"