கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்த படம்

பொன்னேரியில் எனக்கு ஸ்டுடியோ. கல்யாணத்தில் முறைத்துக்கொண்டு நிற்கும் மாப்பிள்ளைகளைச் சிரிக்க வைத்தே தொண்டை கட்டிப்போனவன் நான். என்னைப் போய்க் கூப்பிட்டு, போரில் பாதிக்கப்பட்டவர்களின் மனநலத்தைப் படமெடுக்க வேண்டும், முகத்தில் வலி தெரிய வேண்டும் என்றது சென்னையில் ஓர் அலுவலகம். கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். வலிக்கு எந்த லென்ஸ் போடுவது என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

அவர்கள் கைகாட்டிய அக்கா பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு என்ற மீனவ ஊரில் இருந்தார். சின்ன வயதில் மன்னாரிலிருந்து படகில் தப்பி வந்து, முகாமில் வளர்ந்து, இங்கே மீன்பிடிக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். "மூஞ்சி சோகமா இருக்கணுமா? எங்க வூட்டுக்காரரை எடு தம்பி. என்னைக் கட்டின நாள்லேந்து அப்படியேதான் கீது" என்றார். எத்தனை முறை போனாலும் கேமராவில் பல்வரிசைதான் விழுந்தது.

ராக்கெட் விடும் நாளில் போகச் சொன்னார்கள் அலுவலகத்தில். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ராக்கெட் கிளம்பினால் ஊரே கரையில் நின்று கைதட்டும். அக்கா மட்டும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். அந்த முழக்கம் அவருக்குக் குண்டுவீச்சு. "கரெக்டா அந்த நேரத்துல எடுத்துடுங்க சார்" என்றார் அலுவலகத்துப் பெண், தாலி கட்டும் நேரத்தைச் சொல்வதுபோல.

விஷயத்தைச் சொன்னதும் அக்காவின் சிரிப்பு நின்றது.

"பொண்ணுக்குப் பழவேற்காட்டுல பேசி முடிச்சிக்கிது தம்பி. அவங்களுக்கு இது தெரியாது. நான் கட்டிலடியில கெடக்குற போட்டோ வெளிய வந்துச்சுனா, லூசு பெத்த பொண்ணுனு சொல்லி நிறுத்திடுவாங்க."

முகத்தை எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. "வெளிய நின்னா உன் கை சும்மா இருக்காது. நீயும் உள்ள வா" என்றார். ராக்கெட் கிளம்பும் நேரம் நெருங்கியதும், என் தொப்பையோடு நானும் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தேன்.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கட்டிலின் மேல் இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள். ராக்கெட் நாளில் எப்போதும் இப்படித்தானாம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அக்கா தெரியக்கூடாது. உட்கார்ந்ததும் ஆளாளுக்கு மாமியாரைத் திட்ட ஆரம்பித்தார்கள். அப்படியொரு வசவை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் கேட்டதில்லை.

முழக்கம் வந்தது. கூரைத் தகடு அதிர்ந்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டு, என் தோளில் தலையை முட்டி நடுங்கினார். எனக்குப் பயமாகிவிட்டது. மேலே மாமியார்களுக்கு இன்னும் உரக்கத் திட்டு விழுந்தது. எங்கள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வரிசையாகக் கால்கள்தான். வெடித்த குதிகால்கள், மெட்டிகள், ஒரு காலில் ஒட்டிய மீன் செதில். அதை ஒரே ஒரு படம் எடுத்தேன்.

"இதுல பாதிக்கப்பட்டவங்க எங்க சார்?" என்று கேட்டது அலுவலகம்.

"அவங்க பார்த்ததுதாம்மா இது" என்றேன். கண்காட்சியில் சேர்க்கவில்லை. போய்த் தொலையட்டும் என்று படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன். படத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"அங்க பங்கர்ல படுத்துனு இருந்தப்போ எங்கம்மா காலு மட்டுந்தான் எனக்குத் தெரிஞ்சுது. என் தம்பியத் தூக்கினு வந்துடறேன்னு வெளிய ஓடுச்சு. அப்புறம் அந்தக் காலுங்கள நான் பாக்கவேயில்ல."

பிறகு படத்தில் இருந்த கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, எது யாருடையது என்று சொன்னார்.

"பாரு தம்பி, ஒருத்தியும் எழுந்து போகல."