ரோசி அக்காவுக்கு வேண்டாத பேனர்

செய்தி வந்தபோது என் கையில் பாதி செதில் எடுத்த சங்கரா மீன் இருந்தது. "ரோசி போயிட்டா பாப்பா" என்று அவர் கணவர் அந்தோணி அண்ணன் போனில் சொன்னார். மாரடைப்பு. முந்தின நாள் மாலைவரை என் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து மீன் வெட்டியவர். நான் அந்த மீனைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டால் அக்கா திட்டுவார்.

பட்டினப்பாக்கம் மீன்கடைகளில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் யாரும் இல்லை. உங்களுக்கே தெரியும். எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த எனக்கு, நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. அதனால் எழுதுகிறேன். படித்தால் சிலருக்குக் கோபம் வரும்.

பிள்ளையார் கரைத்த மறுநாள் காலை ஞாபகம் இருக்கிறதா? அந்தோணி அண்ணன் இழுத்த வலையில் மீனைவிடத் தெர்மாகோலும் ஜிகினாவும்தான் அதிகம் வந்தன. தும்பிக்கை உடைந்த சாமிகள் மல்லாந்து கிடந்தன. அலை திரும்பும்போதெல்லாம் பச்சைச் சாயம் நுரையோடு வடிந்தது. அக்கா ஓர் உடைந்த கையைத் தூக்கிக் காட்டினார். "நேத்து வரைக்கும் கற்பூரம் காட்டினீங்க. இன்னிக்கு என் வலையில கீது. களிமண்ணுல செஞ்சிருந்தா கரைஞ்சிருக்கும், இது கரையுமா?"

"நீ சர்ச்சுக்குப் போறவ. எங்க சாமியப் பத்திப் பேசாத" என்றார் ஒருவர்.

"சாமியப் பத்தி எவன் பேசினான்? உன்னப் பத்திப் பேசிக்கினு கீறேன்."

நானும் பிள்ளையாரைக் கும்பிடுகிறவள்தான். எனக்கு அக்காமேல் கோபம் வரவில்லை. கரையில் கிடந்ததைப் பார்த்துக் குமட்டல்தான் வந்தது.

தன் பக்கத்து ஆட்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. மாதா திருவிழாவுக்கு நடந்து போனவர்கள் குடித்துப் போட்ட தண்ணீர்ப் பாக்கெட்டுகள் வழியெல்லாம் காலில் ஒட்டின. அந்த ஞாயிறு பாதிரியார், பூமியைப் பேணிக் காக்கவே கடவுள் மனிதனிடம் கொடுத்தார் என்று பிரசங்கம் செய்தார். வெளியே வந்ததும் அக்கா அவரிடம், "நல்லா சொன்னீங்க ஃபாதர். கதவாண்ட கெடக்குற குப்பையிலேர்ந்தே ஆரம்பிக்கலாமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். குப்பையைப் பார்த்து ஒருவரும் சுளிக்கவில்லை.

திருவல்லிக்கேணியிலிருந்து மீன் வாங்க வரும் பாய், நோன்பு மாதத்தில் ஒருநாள் சொன்னார்: "ஆத்தங்கரையில உக்காந்து கைகால் கழுவிட்டுத் தொழுதாக்கூட, தண்ணிய வீணாக்கக் கூடாதும்மா. எங்க மார்க்கத்துல அப்படி."

"அப்ப கஞ்சிய ஏன் நைனா பிளாஸ்டிக் கவர்ல கட்டிக்கினு வர்ற?"

பாய் சிரித்துவிட்டார். மறுநாள் எங்கள் இருவருக்கும் தூக்குவாளியில் கஞ்சி வந்தது. அன்றுதான் அக்கா சொன்னார்: "எல்லா சாமியும் ஒழுங்காத்தான் சொல்லிக்கீது. ஒரு ஆளு கேட்டுட்டாரு, பாத்துக்க."

அடையாறு கடலில் சேரும் இடத்தில் ஒருமுறை, யாரோ இறந்தவருடைய கண்ணீர் அஞ்சலி பேனர் சேற்றில் கிடந்தது. அவர் மீசைமேல் நண்டு ஊர்ந்தது. "நான் செத்தா பேனர் கீனர் வச்சிடப் போறானுங்க. என் மூஞ்சியில நண்டு ஊரக் கூடாது. நீ சொல்லிடு பாப்பா" என்றார் அக்கா.

சொல்லிப் பார்த்தேன். உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்பே பேனர் வந்துவிட்டது. சிலுவை, ஓம், பிறை மூன்றையும் மேலே வரிசையாகப் போட்டு, 'மும்மதமும் போற்றிய மாணிக்கமே' என்று எழுதியிருந்தார்கள். அக்காவின் முகத்தைவிட மீன்கடைச் சங்கத் தலைவரின் முகம் பெரியது. அவரிடம் போய், "அக்கா பேனர் வேணாம்னு சொன்னாங்க" என்றேன். குரல் நடுங்கியது.

"இது மரியாதை பாப்பா. நீ போய் எல்லாருக்கும் டீ குடு."

டீ பிளாஸ்டிக் கப்பில் வந்தது. ஊர்வலத்தில் மாலைகளைப் பிய்த்துச் சாலையெங்கும் எறிந்தீர்கள். அக்காவைத் தூக்கிப் போன வழியை அக்கா பார்த்திருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

அடுத்த வாரக் காற்றுமழையில் பேனர் கிழிந்து பறந்தது. கட்டியவர்கள் யாரும் தேடவில்லை. அந்தோணி அண்ணனும் நானும் அதே முகத்துவாரத்தில் முழங்கால் சேற்றில் இறங்கி இழுத்தோம். அக்காவின் கன்னத்தில் நண்டு. அண்ணன் அதைத் தட்டிவிட்டார். "இன்னிக்குக் கனவுல வந்து திட்டுவா பாரு" என்று சிரித்தவர், அப்படியே அழுதுவிட்டார்.

அதைக் கழுவி என் பலகைக்கு மேல் கூரையாகக் கட்டியிருக்கிறேன். முகம் உள்பக்கம். நிமிர்ந்தால் அக்கா தெரிவார்.

போன ஞாயிறு தலைவர் வஞ்சிரம் வாங்க வந்தார். மேலே பார்த்து முகம் மலர்ந்தார். "அட, நம்ம பேனரு! பத்திரமா வச்சிக்கினு கீறியே!" நான் மீனை வெட்டிப் பலகையில் வைத்தேன்.

"கவர் குடு பாப்பா."

"கவர் இல்ல. பாத்திரம் எடுத்துனு வாங்க."

இந்த முறை குரல் நடுங்கவில்லை. அவர் இரண்டு கைகளிலும் மீனை ஏந்திக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்ட நடந்து போனார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, குப்பையைப் பார்த்தால் வரும் அந்தக் குமட்டல்தான். அது பழகிப் போய்விடாமல் பார்த்துக்கொள்கிறேன்.